பல்லோர் விருப்பும் இசைநலமும்

பலரும் விரும்பிக் கேட்கும் பாட்டு நல்ல பாட்டு ஆகுமா? பலர் விரும்புதலாலேயே அது தாழ்ந்ததாகிவிடுமா? முதல் வினாவை இசைவல்லார் அடிக்கடி எழுப்புவர். தமிழ் பயில்வார் முதற்கண் ஆராயத்தக்கது இரண்டாவதே. செவியாற் கேட்டற்குரிய பாட்டைக் கண்ணாற் படித்து மதிப்பிடுதல் நம் புலமை மரபில் வேரூன்றிவிட்டமையே அதற்குக் காரணம்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்கு நல்லார் இருவகைக் கூத்தினைப் பலபடப் பகுத்துக் காட்டுங்கால், வேத்தியல், பொதுவியல் என்னும் பகுப்பையும் சுட்டுவர். காண்போர் வேறுபாடு அப்பெயர்களில் உண்டு. உயர்வு தாழ்வு பற்றிய தீர்ப்பு இல்லை. ஆய்ச்சியர் குரவையில் மாதரி மகளிர் எழுவரை நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிடுகின்றாள். ஆயர் சேரியின் ஆடலே ஏழிசை நிரலுக்குச் சான்றாய் நிற்றல் கருதத்தக்கது.

இன்றைய பொதுவியலுக்குக் காஞ்சிபுரம், உத்திரமேரூர், ராஜகுளம் சூழ்ந்த பகுதியின் தெருக்கூத்தைக் காட்டலாம். திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்து விடியுமளவும் நிகழும். சபைக் கச்சேரியிற் பழகிய செவிக்கு அப்பாட்டு வெறுங்கூச்சலாகத் தோன்றவும் கூடும். வெட்டவெளியில் கடைசி வரிசையில் இருப்பார்க்கும் சொல் சென்று சேர வேண்டும். ஒலிபெருக்கி வருவதற்கு முன்னரே அமைந்த முறை அது. ஆகவே குரல் உச்சத்தில் எழும். முகவீணை அவ்வுச்சத்திலேயே துணை நிற்கும். கட்டை எனப்படும் மரவணிகளைத் தாங்கி ஆடிக்கொண்டே பாடுவோர் நெடிய கமகங்களில் தங்குதல் எளிதன்று. அதே காஞ்சியில் தோன்றிய நாயனாப் பிள்ளை (1889–1934), பக்கவாத்தியங்கள் பல சூழ, லய நுணுக்கம் மிக்க கச்சேரி நிகழ்த்திப் புகழ்பெற்றார். அவர் பல்லவியை அளக்கும் கோலால் கூத்துப்பாட்டை அளத்தல் பயனில் முயற்சி. அதனால் கூத்தில் எல்லாம் நன்றே என்பதும் பொருந்தாது. தாளம் தப்பினாலும் சொல் குழறினாலும் ஊரார் உடனே அறிவர்.

ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கியது. நம் இசையின் சுருதி நுட்பத்துக்கு அக்கருவி ஒவ்வாது என்பது கூறப்பட்ட காரணம், அது பொய்யன்று. கூத்து மேடையோ ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை. 1952-இல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் வானொலியில் ஒதுக்கப்பட்டபோது, கேட்போர் இலங்கை வானொலியை நாடினர். 1957-இல் விவித பாரதி தோன்றிற்று. இதனைத் திரைப்பாட்டின் தரத்துக்குக் கிடைத்த வெற்றி என்பாரும் உளர். யாம் அவ்வாறு கொள்ளோம். எது எளிதிற் கிடைத்தது, எது செவிக்குப் பழகியது என்பனவும் கேட்போர் தொகையில் கலந்தே நிற்கும். அவற்றை நீக்கித் தரத்தை மட்டும் அத்தொகை காட்டாது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பற்றி உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ள செய்தி இவ்விடத்து மிகப் பொருந்துவது. நாடெங்கும் விரும்பிப் பாடப்பெற்ற அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) பன்முறை சென்றார். இலக்கண வழுக்கள் மலிந்த நூலுக்குப் பாயிரம் தரப் பிள்ளையவர்கள் விரும்பவில்லை. வழுக்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை. பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரும் அக்கதையில் வருகின்றார். பின்னொரு நாள் பிள்ளையவர்கள் ஓய்ந்திருந்த வேளையில் பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் பாட்டைப் பாடினார். உள்ளிருந்து கேட்ட புலவர் மனம் உருகிப் பாயிரம் அளித்தார். வழுக்களுள் ஒன்றேனும் அதற்குள் திருந்தவில்லை. மாறியது கேட்ட முறையே. பிற்காலத்தே சுப்பிரமணிய பாரதியார், சொல்லின் தரம் நன்கறிந்தவர், தம் தேசியப் பாடல்கள் சிலவற்றுக்கு அந்நூலின் மெட்டுகளையே எடுத்துக்கொண்டார்.

எனினும் மகாவித்துவானின் கொள்கை முற்றும் மாறிற்று எனல் ஆகாது. 1871-இல் அவரிடம் வந்துசேர்ந்த சாமிநாதையர் மாயூரத்தில் பாரதியாரிடம் இசையும் பயின்றார். இசையில் மிகப் பழகினால் இலக்கியத்தில் அறிவு ஆழ்ந்து செல்லாது எனப் பிள்ளையவர்கள் கூறவே, அப்பயிற்சி நின்றது. இசையை இடையில் விட நேர்ந்த அம்மாணவரே, இசையிலக்கணம் செறிந்த அரங்கேற்று காதையை உடைய சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையுடன் 1892-இல் பதிப்பித்தார்.