கல்லும் ஒளியும் – 9: பத்தொன்பது அடி நீளப் படம்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம் கொண்டது. 1858ஆம் ஆண்டில் அதைப் படம்பிடிக்க வந்த லின்னேயஸ் டிரைப், அந்த உயரத்தைத் தாளில் அடக்கிக் காட்டியதோடு நின்றிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ கருவியைத் தாழ்த்தி அதிட்டானத்தின் பக்கம், அதாவது கருவறைச் சுவரைத் தாங்கும் அடித்தளத்தின் பக்கம் திருப்பினார். அங்கே வரிவரியாக ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து, 21 அச்சுப் படங்களை அடுத்தடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த டிரைப், 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் புகைப்படப் பணியைச் செய்து, மறு ஆண்டே மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டவர். 1857இன் இறுதியில் தொடங்கிய பயணத்தில் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களோடு தஞ்சாவூரும் அவர் பட்டியலில் இருந்தது.

கோயில்களைப் படம்பிடிக்க அவர் பெரிதும் நம்பியது மெழுகுத்தாள் முறையை. தாளில் மெழுகு ஊட்டி, ஒளி ஊடுருவும்படி செய்து, வெள்ளி உப்புகளால் ஒளியுணர்வு ஏற்றி எதிர்ப்படம் எடுப்பது இம்முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் முறை இதைவிட நுட்பமான விவரம் தரும் என்றாலும், பூச்சு ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடித்துவிட வேண்டும். தென்னாட்டு வெயிலில் அந்த ஈரம் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. மெழுகுத்தாளை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்கலாம். எடுத்த பிறகும் கழுவுவதற்கு அவகாசம் உண்டு. இதற்கு விலையாகத் தாளின் நார் லேசான புள்ளிகளாகப் படத்தில் ஏறிவிடும். ஒளி விழ நிமிடக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் கல்லுக்குப் பொறுமை உண்டு என்பதால் இரண்டாவது குறை கல்வெட்டைப் பொறுத்தவரை ஒரு குறையே அன்று.

உண்மையான சிக்கல் ஒளியின் திசையில் இருந்தது. கல்லில் வெட்டிய எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. வெட்டுவாயின் ஒரு விளிம்பில் வெயிலும் மறு விளிம்பில் நிழலும் விழுந்தால்தான் அது எழுத்தாகத் தெரியும். நேர் எதிரே நின்று வெயில் அடித்தால் சுவர் முழுவதும் ஒரே வெளிறலாகிவிடும். ஆகவே சுவரைத் தடவிச் செல்லும் சாய்வொளி வேண்டும். அது ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு வேளையில், சிறிது நேரமே கிடைக்கும். வடக்கு முகத்திலோ செப்டம்பர் பிற்பகுதி முதல் மார்ச் பிற்பகுதி வரை நேர் வெயில் படுவதே இல்லை.

அடுத்தடுத்த படங்களை இணைப்பதில் வேறொரு தொல்லை உண்டு. கருவிக்கும் சுவருக்கும் உள்ள தொலைவு ஒரு சாண் மாறினாலும் எழுத்தின் அளவு மாறும். கருவி சற்றே திரும்பினாலும் நேர் வரி சாய்ந்து ஓடும். இவ்வாறு தொலைவும் கோணமும் மாறாமல் பக்கவாட்டில் நகர்ந்து எடுப்பதே இன்றும் கட்டட ஆவணப் படப்பிடிப்பின் அடிப்படை. படத்திலிருந்தே கட்டடத்தின் அளவுகளைக் கணக்கிடும் ஒளிப்பட அளவையியல், அதே 1858ஆம் ஆண்டில், ஜெர்மனியின் வெட்ஸ்லார் பேராலயத்தை அளக்கும்போது கீழே விழவிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்னும் கட்டடக் கலைஞரின் சிந்தனையில் உருவானது என்பது சுவையான ஒற்றுமை.

தம் எதிர்ப்படங்களில் வெறுமையாகப் பதிந்த வானத்தில் தூரிகையால் மேகம் தீட்டும் வழக்கம் டிரைப்புக்கு இருந்தது. கல்வெட்டுப் படத்திலோ மேகம் தீட்ட இடமில்லை. அழகுக்காகப் பெயர் பெற்ற அவருடைய படங்களுள் மிகத் துணிச்சலானது, அழகைப் பற்றிக் கவலைப்படாத இந்தப் படமே எனலாம்.

அரசு இவ்வேலையை நெடுநாள் தாங்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் செலவைக் காரணம் காட்டி இத்திட்டத்தை நிறுத்தச் செய்தார். தஞ்சைக் கல்வெட்டுகளை முறையாக வாசித்து, கோயிலை எடுப்பித்தவன் முதலாம் இராசராசன் என்பதை அவற்றின் வாசகத்தைக் கொண்டே நிறுவும் பணி, 1886இல் மதராஸில் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஹுல்ட்ஷ் காலத்தில்தான் நடந்தது. அப்பணிக்குக் கைகொடுத்தது மைப்படி. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, வெட்டுக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றினால், எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கருப்பாகவும் பதியும். வெயில் எந்தப் பக்கம் என்ற கவலை அதற்கு இல்லை. எழுத்தும் உள்ளபடியே, முழு அளவில் வரும். ஆனால் வரி எந்த வளைவின்மேல் ஓடுகிறது, மேலும் கீழும் என்ன அமைந்திருக்கிறது என்பவை மைப்படியில் வருவதில்லை. டிரைப்பின் நீண்ட தாளில் அவை எழுத்தோடு சேர்ந்தே பதிந்துள்ளன. பார்ப்பவர் கல்லின் பொருத்து எது, தாளின் ஒட்டு எது என்று மட்டும் பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.