தம்மும் தண்ணியும் சேரும்போது

திங்கட்கிழமை என்றால் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். செங்கம், போளூர், ஜமுனாமரத்தூர் என்று திருவண்ணாமலை மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மனுவோடு வருகிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் சிலருக்குப் பீடி. சிலருக்கு, 2013இல் தடை போட்டும் கிடைக்கிற ஹான்ஸ் என்ற மெல்லும் புகையிலை. சாயங்காலம் ஒரு குவார்ட்டர். "சரக்கு உள்ளே போனா தம் இல்லாம முடியாதுங்க" என்பது இந்தப் பக்கத்தில் சாதாரணப் பேச்சு. அந்தச் சேர்க்கைதான் ஆபத்து.

நம் செல்களில் பி-53 என்று ஒரு மரபணு இருக்கிறது. ஒரு செல்லின் டி.என்.ஏ. சேதப்பட்டால், அந்தச் செல் பெருகுவதை இந்த மரபணு நிறுத்தி, பழுது பார்க்க வைக்கும். முடியாவிட்டால் அந்தச் செல்லையே சாகவிடும். இந்தக் காவல் கெட்டுப்போனால் சேதமான செல் தட்டிக்கேட்க ஆளில்லாமல் பெருகும்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 129 பேரின் கட்டிகளில் இந்த மரபணுவைப் பரிசோதித்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள். புகை, குடி இரண்டும் இருந்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு அது மாறியிருந்தது. புகை மட்டும் என்றால் 33. இரண்டுமே இல்லாதவர்களில் 17. எனக்கு இந்த எண்களைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. பழக்கமே இல்லாதவர்களிடம் கண்ட மாற்றங்கள் எல்லாமே, செல்லுக்குள் இயல்பாகவே டி.என்.ஏ. எழுத்துப் பிசகு நேரக்கூடிய இடங்களில் இருந்தன. புகைத்துக் குடித்தவர்களிடம் அப்படிப்பட்டவை நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவை வெளியிலிருந்து வந்த நஞ்சின் வேலை என்றே கருத வேண்டியிருக்கிறது.

புகையிலுள்ள பென்சோபைரீன் உடலுக்குள் உருமாறி டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. சாராயம் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. வாயில் இருக்கும் பாக்டீரியாக்களே இதைச் செய்துவிடும். அதுவும் டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. போதாததற்கு, வாயின் உட்சவ்வு சாராயத்தில் இளகிவிடுவதால் புகையிலை நஞ்சு சுலபமாக உள்ளே இறங்குகிறது.

நம் ஊர் ஆண்களுக்கும் இது பொருந்தும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி.சாந்தாவும் பங்கேற்று 2003இல் வெளியான சென்னை-திருவனந்தபுரம் ஆய்வு, புகை, மெல்லும் புகையிலை, குடி ஒவ்வொன்றுமே வாய்ப் புற்றுநோயைக் கூட்டுகிறது, சேரும்போது இன்னும் கூட்டுகிறது என்று காட்டியது.

"எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்று தைரியம் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். மரபணு என்றதும் பரம்பரை என்று நினைத்துவிடுகிறோம். இந்த மாற்றங்களோ பெரும்பாலும் அப்பா, அம்மாவிடமிருந்து வருவதில்லை. நாம் வாழும் காலத்தில், நம் வாயிலும் தொண்டையிலும் உள்ள செல்களில் உண்டாகிறவை.

விட்டுவிட்டால் ஆபத்து குறைகிறது. புகைக்கு இது எப்போதோ தெரிந்தது. குடியை நிறுத்தினாலும் வாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் குறையும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் உறுதி செய்தது.

வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம், தொடர்ந்து குரல் கம்மல் — இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையில் உடனே காட்டுங்கள். வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் பலருக்கு வலிக்காது. புகையிலையை விட நினைப்பவர்களுக்கு ஒன்றிய அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனை எண்: 1800 11 2356.