மென்மரத்தைப் பக்குவம் செய்து வெளிவேலைக்கு உபயோகித்தல்

ஜன்னல், கைப்பிடிச் சட்டம், வேலிக்கம்பம் முதலாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் வேலைகளுக்கு வயிரம் பாய்ந்த தேக்கையோ வேம்பையோ உபயோகிப்பது இந்நாட்டு வழக்கம். பைன் முதலிய ஊசியிலை மரங்கள் விரைவில் வளர்வன. ஆனால் வெளிறு மிகுந்தவை. நனைந்து காயும் இடத்தில் வைத்தால் சில ஆண்டுகளில் இற்றுப்போகும். இக்குறையை நீக்கும் இரண்டு முறைகள் இங்கே விவரிக்கப்படுகின்றன.

மரம் இற்றுப்போவதேன்?

மரத்தை இற்றுப்போகச் செய்வது காளான். உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஜலம் இருப்பின் காளான் பற்றாது. மரத்தின் நுண்ணறைச் சுவர்களில் ஜலத்தைப் பற்றிக்கொள்ளும் ஹைட்ராக்ஸில் என்னும் அணுக்கூட்டங்கள் நிறைந்துள்ளன. மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகுவதும் கோடையில் சுருங்குவதும் இவற்றாலேயே.

முன்பு இதற்குப் பரிகாரம் மரத்தில் விஷமேற்றுவதே. செம்பு, குரோமியம், பாஷாணம் மூன்றும் சேர்ந்த மருந்தை டேராடூன் வன ஆராய்ச்சிச் சாலையில் சொண்டி காமேசம் 1933-ல் கண்டுபிடித்தார். அது மிகுந்த பலனளித்தது. ஆயினும் அம்மரத்தை எரித்தால் சாம்பலில் பாஷாணம் தங்கும். அதன் துண்டுகளை அடுப்பிலிடலாகாது. பின்வரும் முறைகளில் விஷம் சேர்ப்பதில்லை. ஜலத்தை ஏற்கும் குணமே குறைக்கப்படுகிறது.

காடி முறை

உலர்த்திய பைன் பலகைகளை மூடிய பாத்திரத்தில் அடுக்கிக் காற்றை நீக்கி, அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்னும் திரவத்தை அழுத்தத்துடன் ஏற்றி, 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்குவர். ஹைட்ராக்ஸில் இருந்த இடங்களை அசிட்டைல் கூட்டங்கள் அடைத்துக்கொள்ளும். மிஞ்சும் காடி அமிலம் வெளியேற்றப்படும். மரத்தின் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். உப்புவதும் சுருங்குவதும் வெகுவாகக் குறையும். 1946-ல் அமெரிக்காவில் ஸ்டாம், டார்கோ என்பவர்கள் இதை ஆராய்ந்து விளக்கினர். நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் 2007 முதல் வியாபார அளவில் செய்யப்படுகிறது. அந்நாட்டு ஸ்னேக் நகரில் இம்மரத்தால் கட்டிய பாலத்தில் 2008 முதல் கனத்த வாகனங்கள் செல்கின்றன.

உஷ்ண முறை

பின்லாந்தில் 1990-க்குப் பின் பரவிய முறை இது. மரத்தை நீராவி சூழ்ந்த சூளையில் 185 முதல் 215 டிகிரி வரை இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, பின் மெதுவாக ஆறவிடுவர். நீராவி காற்றை விலக்குவதால் மரம் தீப்பற்றாது. ரசாயனச் செலவு இல்லை. மரம் பழுப்பு நிறம் பெறும். ஆனால் பலம் குறைந்து, எளிதில் முறியும் தன்மை உண்டாகும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

1. உஷ்ண முறை மரத்தை மண்ணில் புதைக்கலாகாது, உத்தரமாகவும் வைக்கலாகாது. கரையானையும் அது தடுக்காது. சுவர்ப்பலகைக்கும் கைப்பிடிக்கும் ஏற்றது.

2. காடி முறை மரம் மண்ணிலும் ஈரத்திலும் நெடுநாள் நிற்கும். கரையான் அதிகம் விரும்பாது. எனினும் அறவே தொடாதென்று நம்பியிருக்கலாகாது.

3. காடி முறை மரத்தில் எஞ்சிய அமிலம் சாதாரண ஆணியையும் நாகம் பூசிய ஆணியையும் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு ஆணியே உபயோகிக்க வேண்டும்.

4. எண்ணெயோ வர்ணமோ பூசாவிடில் இருவகையும் வெயிலில் சாம்பல் நிறமாகும். இதனால் உள்மரம் கெடுவதில்லை.

ஆகையால், மரம் நிற்குமிடம் மண்ணா, வெறும் மழையா, பாரமா என்பதை முதலில் நிச்சயித்து, இன்ன முறையில் பக்குவமானது என்பதை விற்பவரிடம் எழுத்து மூலம் பெற்ற பின்னரே பணம் கொடுப்பது நலம்.