புதிய கருவியும் பழைய கூலியும்

நல்ல தொழில்நுட்பம் ஒன்று வந்துவிட்டால் அது தானாகவே பரவிவிடும் என்று நம்புகிறோம். பரவாதபோது, தொழிலாளர்கள் மாற்றத்துக்கு அஞ்சுகிறார்கள் என்றோ சிறு முதலாளிகளுக்கு விவரம் போதவில்லை என்றோ காரணம் சொல்லிவிடுகிறோம். இந்த விளக்கங்கள் எவ்வளவு மேலோட்டமானவை என்பதைப் பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் நடந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. கால்பந்து தயாரிப்புக்கு உலகப் புகழ் பெற்ற ஊர் அது. 2014 உலகக் கோப்பைக்கான பந்துகள் அங்கிருந்தும் போயின. டேவிட் அட்கின், அஸாம் சௌத்ரி, ஷம்யலா சௌத்ரி, அமித் கண்டேல்வால், எரிக் வெர்ஹூகன் ஆகிய ஐந்து பொருளியலாளர்கள் அங்கே ஒரு புதிய கருவியை இலவசமாகக் கொடுத்து, அதற்கு என்ன ஆகிறது என்று கவனித்தார்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 2017இல் வெளியானது.

வழக்கமான கால்பந்தில் 20 அறுகோணத் துண்டுகளும் 12 ஐங்கோணத் துண்டுகளும் உண்டு. துணி ஒட்டிய ரெக்சின் விரிப்பிலிருந்து ‘டை’ எனப்படும் வெட்டச்சை வைத்து அவற்றை அறுத்தெடுக்கிறார்கள். அறுகோணங்கள் இடைவெளி இல்லாமல் அடங்கிவிடும். ஐங்கோணங்கள் அப்படி அடங்குவதில்லை. அவற்றுக்கு இடையில் எஞ்சும் ரெக்சின் வீண். பந்தின் செலவில் கணிசமான பங்கு இந்த விரிப்புக்கே போவதால் அந்தக் கழிவு சின்ன விஷயமல்ல. இரண்டு ஐங்கோணங்களை வெட்டும் பழைய டை ஒரு விரிப்பிலிருந்து அதிகபட்சம் 250 துண்டுகளைத் தந்தது. ஆய்வாளர்கள் வடிவமைத்த டை நான்கு ஐங்கோணங்களைச் சேர்த்து வெட்டி 272 துண்டுகளைத் தந்தது. ஐங்கோணங்களை நெருக்கமாக அடுக்கும் இந்த முறை கணிதவியலாளர்கள் ஏற்கெனவே அறிந்ததுதான். அதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களுக்கும் இதனால் லாபம் என்று கணக்குச் சொன்னது. 2012இல் 35 நிறுவனங்களுக்கு இந்த டையைக் கொடுத்து, பயன்படுத்தும் முறையையும் கற்றுக்கொடுத்தார்கள். பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தபோது, அதை உண்மையில் பயன்படுத்தியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

காரணம் கூலி கணக்கிடப்படும் முறையில் இருந்தது. பெரும்பாலான நிறுவனங்களில் வெட்டுபவருக்குப் பீஸ் ரேட் கூலி. எத்தனை துண்டு வெட்டினாரோ அத்தனைக்குக் காசு. மிச்சமாகும் ரெக்சின் முதலாளியுடையது. புதிய டையோ, கை பழகும்வரை வேலையை மெதுவாக்குகிறது. வேகம் குறைந்தால் அன்றைய கூலி குறையும். சேமிப்பில் வெட்டுபவருக்குப் பங்கில்லை. ஆக, மாற்றத்தின் செலவு முழுவதும் தொழிலாளி தலையில், பலன் முழுவதும் முதலாளி கையில். இந்த நிலையில் ‘டை எப்படி இருக்கிறது?’ என்று முதலாளி கேட்டால் ‘சரிப்பட்டு வராது’ என்ற பதில் வருவதில் வியப்பில்லை. வெட்டுமேசையின் நுணுக்கம் வெட்டுபவருக்குத்தான் தெரியும் என்பதால் முதலாளியும் அதை நம்பிவிடுகிறார். தகவல் மேலே போகாமல் அடைபட்ட இடம் இதுதான். அறிவு அந்தக் கூடத்திலேயே இருந்தது. அதைச் சொல்வதால் நஷ்டப்படுபவரிடம் இருந்தது.

இந்த ஊகத்தைச் சோதிக்க ஆய்வாளர்கள் இரண்டாவது பரிசோதனை நடத்தினார்கள். டை பெற்ற நிறுவனங்களில் ஒரு பகுதியைத் தேர்ந்து, வெட்டுபவர் ஒருவருக்கும் துண்டுகளில் அச்சிடுபவர் ஒருவருக்கும் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பாத்தியத்தை ஊக்கத்தொகையாகத் தருவதாகச் சொன்னார்கள். நிபந்தனை ஒன்றுதான்: முதலாளியின் கண்ணெதிரே புதிய முறையில் திறம்படச் செய்துகாட்ட வேண்டும். நிறுவனத்தின் வரவுசெலவில் மிகச் சிறிய இந்தத் தொகை, புதிய டையை ஏற்றுக்கொள்வதைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தியது.

இந்த இரண்டாவது பரிசோதனையில் பங்கேற்றவை சுமார் முப்பது நிறுவனங்கள்தானே, இதை வைத்து உலகத்துக்கே விதி சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண்ணிக்கை சிறிது, ஆனால் யாருக்கு ஊக்கத்தொகை என்பது குலுக்கல் முறையில் முடிவானதால், மற்றபடி ஒத்திருந்த நிறுவனங்களிடையே தோன்றிய வேறுபாட்டுக்கு வேறு காரணம் காட்டுவது கடினம். தொழிலாளி தன் வேலையைச் செய்யத் தனியாகப் பணமா என்ற ஆட்சேபமும் எழும். அது தன் வேலைக்கான பணமல்ல. முதலாளியின் லாபத்துக்காகத் தொழிலாளி இழக்கவிருந்த கூலிக்கு ஈடு. உண்மையிலேயே அறியாமைதான் தடையாக இருக்கும் இடங்களும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மும்பை வட்டாரத்தின் துணி ஆலைகளில் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சக ஆய்வாளர்களும் இலவச நிர்வாக ஆலோசனை வழங்கியபோது, முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு கூடியது. ஆனால் சியால்கோட்டில் கருவியும் இருந்தது, பயிற்சியும் இருந்தது; அதற்குப் பின்னும் பதினைந்து மாதம் அது தேங்கிக் கிடந்தது.

பலன் பயன்படுத்துபவருக்கே சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளக் கடற்கரை சாட்சி. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களுக்கு 1997க்கும் 2001க்கும் இடையில் கைப்பேசி வந்தது. அதற்கு முன், ஒரு கரையில் மீன் வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டப்படும். அதே நாளில் பக்கத்துக் கரையில் வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சனின் ஆய்வுப்படி, பிடித்த மீனில் 5 முதல் 8 விழுக்காடு வரை இப்படி வீணானது. கைப்பேசி வந்தபின் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குபவர்களுக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்ட மீனவரே அந்தக் கூடுதல் வருமானத்தையும் பெற்றார். அவரை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

பீஸ் ரேட் கூலி நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் ஆயத்த ஆடைக் கூடங்களுக்கும் புதிதல்ல. அங்கெல்லாம் புதிய இயந்திரமோ மென்பொருளோ வாங்க நினைப்பவர்கள், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடட்டும்: இதைக் கற்கும் நாட்களில் யாருடைய வருமானம் குறையும்? மிச்சப்படுவது யாருக்குப் போகும்? இது பயன்படாது என்று சொல்பவர், அப்படிச் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறாரா? கற்றுக்கொள்ளும் காலத்துக்குக் கூலியை உறுதிசெய்து, சேமிப்பில் ஒரு பங்கைத் தொழிலாளிக்குக் கொடுங்கள். உண்மையைச் சொல்பவருக்கு நஷ்டம் வராத இடத்தில்தான் முதலாளியின் காதுக்கு உண்மை வந்து சேரும்.