பனி கம்மின்னா பயமில்லையா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "டிசம்பர் முதல் வாரம் உத்தரகாண்ட் டிரெக் போறோம். சீசன் ஆரம்பம்தானே, பனி கம்மியாத்தான் இருக்கும். பனிச்சரிவு பத்தி இப்பவே கவலைப்படணுமா?" நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். நிறைய இருந்தாத்தானே சரியும்?

2022 அக்டோபர் 4. உத்தரகாசி பக்கம், 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா டண்டா-2 சிகரம். மலையேற்றப் பயிற்சிக்குப் போன குழு பனிச்சரிவில் சிக்கியது. அடுத்தடுத்த நாட்களில் 27 உடல்களை மீட்டார்கள். அதில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே வருஷம் மே மாசம்தான் எவரெஸ்ட், மகாலு ரெண்டையும் 16 நாளுக்குள்ள ஏறியிருந்தாங்க. அப்போ குளிர்காலம் தொடங்கவே இல்ல.

சரி, பனி கம்மியா இருக்கும்போது என்ன நடக்குது? பனிக்கு அடியில இருக்கிற தரை கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே இருக்கும். மேகமில்லாத ராத்திரியில பனியோட மேற்பரப்பு மைனஸ் 12-க்குப் போகுதுன்னு வைங்க. பனி 2 மீட்டர் கனம்னா, அந்த வித்தியாசம் மீட்டருக்கு 6 டிகிரியா பரவிடும். வெறும் 40 சென்டிமீட்டர்னா? மீட்டருக்கு 30 டிகிரி. 10 டிகிரியைத் தாண்டினாலே சிக்கல். கீழிருந்து நீராவி வேகமா மேலேறும். பனித்துகள்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டாம, முனை முனையா, சர்க்கரை மாதிரி ஆயிடும். கையில அள்ளினா பந்தா பிடிக்க முடியாது. அதாவது, மெலிசா இருக்கிறதுதான் அந்தப் பனியைக் கெடுக்குது.

ஒரு தட்டுல சர்க்கரையைப் பரப்பி, மேல ஒரு சப்பாத்தியை வச்சு, மெதுவா சாய்ச்சுப் பாருங்க. (அம்மா பார்க்காத நேரத்துல.) மலையில அந்தச் சப்பாத்திங்கறது, அடுத்து விழுற பனி. காத்து அதை அடிச்சு இறுக்கி ஒரே பலகையா ஆக்கிடும். 30-லிருந்து 45 டிகிரி சரிவுல, ஒரு ஆளோட எடை போதும், அடியில இருக்கிற சர்க்கரை நொறுங்க. சில சமயம் 'வும்ப்'னு ஒரு சத்தம் வரும். அது கேட்டா அங்கிருந்து திரும்பிடணும். நீங்க அடிவாரத்துல நடந்தாக்கூட மேல இருக்கிற பலகை உடைஞ்சு வரலாம்.

இன்னொரு வம்பு: சீசன் தொடக்கத்துல முகடெல்லாம் பாறையாத் தெரியும், காத்து கொண்டுவந்து கொட்டின பள்ளத்துலயும் நிழல் விழுற வடக்குச் சரிவுலயும்தான் பனி கிடக்கும். பனி பார்க்க வந்தவங்க நேரா அங்கதான் போவாங்க. பாறைகளும் சரியா மூடியிருக்காது, அதனால உருண்டு வரும்போது அடி பலமா படும். புதைஞ்சவங்களை 10, 15 நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுக்கணும். அதுக்கப்புறம் பிழைக்கிற வாய்ப்பு சட்டுன்னு சரிஞ்சிடும். ஹெலிகாப்டர் அதுக்குள்ள வராது.

அதனால அந்த நேயருக்கு: டிரெக் லீடர்கிட்ட "எத்தனை இன்ச் பனி?"ன்னு கேக்காதீங்க. முதல் பனி எப்போ விழுந்துச்சு, அதுக்கப்புறம் எத்தனை நாள் வெயிலும் குளிருமா இருந்துச்சு, அது மேல புதுசா எவ்வளவு விழுந்துச்சு, பாதைக்கு மேல சரிவு இருக்கான்னு கேளுங்க. சண்டிகரில் இருக்கிற டிஜிஆர்இ-யோட பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தாரான்னும் கேளுங்க. மேல செங்குத்தான சரிவே இல்லாத காட்டுப்பாதைன்னா நிம்மதியா போயிட்டு வாங்க. சரிவுக்குக் கீழ போகணும்னா, ஆளுக்கொரு டிரான்ஸீவரும் மண்வெட்டியும் இருக்கணும். "இந்த மாசத்துக்கு அதெல்லாம் எதுக்கு?"ன்னு அவர் சிரிச்சா, வேற குழுவைத் தேடுங்க.