வினைமுற்றுக்கு முன்பே விழும் வெட்டு

மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. பூட்டிய போன் திரையில் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: "கனமழை காரணமாக நாளை நமது மாவட்டத்தில் உள்ள அனைத்துப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்று..." எதிர்வீட்டில் பிள்ளையின் சீருடையை அப்போதே நனைத்துப் போட்டுவிட்டார்கள். திறந்து கடைசிவரை படித்தவர்களுக்குத்தான் மீதி தெரியும்: "...பரவும் தகவல் உண்மையல்ல, யாரும் நம்ப வேண்டாம்."

எழுதியவர் நல்ல மனிதர். வதந்தியை அடக்கத்தான் எழுதினார். ஆனால் மேலோட்டமாகப் பார்த்தவர்களிடம் அந்த வதந்தியை அவரே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அவருடைய வாக்கியத்தில் ஒரு பிழையும் கிடையாது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். நடந்ததா, நடக்கப்போகிறதா, நடக்கவே இல்லையா என்பதைச் சொல்லும் சொல் வாக்கியத்தின் வால்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மேடைப் பேச்சுக்கு அது பெரிய பலம். கேட்பவர்களைக் கடைசிச் சொல்வரை பிடித்து வைக்கலாம். போன் திரை அந்த வாலைத்தான் முதலில் வெட்டுகிறது. அறிவிப்பாக வரும்போது ஓரிரு வரிதான் தெரியும். பேஸ்புக்கில் நீளமான பதிவு சில வரிகளோடு மடிந்துகொள்ளும். வெட்டு எங்கே விழும் என்பது படிப்பவரின் போனையும் அவர் வைத்திருக்கும் எழுத்தின் அளவையும் பொறுத்தது. எழுதும் நமக்கு அது தெரியாது.

இணையத்துக்கு எழுதப் பழகுவது என்றால் பலரும் துள்ளலான தலைப்பையும் ஹேஷ்டேக்கையும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் முதலில் பழக வேண்டியது வேறு. நாம் எழுதியது நம்மை விட்டுத் தனியாகப் பயணம் போகிறது, பாதி வெட்டுப்பட்டும் போகிறது. அந்த நிலையிலும் அது சரியான பொருளைத் தர வேண்டும்.

மேலே சொன்ன செய்தியையே எடுத்துக்கொள்வோம். "வதந்தி! நாளை பள்ளி உண்டு. விடுமுறை இல்லை." இவ்வளவையும் பூட்டிய திரையிலேயே படித்துவிடலாம். எந்தத் தேதி, எந்த மாவட்டம், யார் சொன்னது என்பதெல்லாம் அடுத்த வரியில் வரட்டும். இதற்குத் தமிழே கைகொடுக்கிறது. "நாளை விடுமுறை" என்பதே முழு வாக்கியம், பெயர்ச்சொல்லே அங்கு பயனிலை. உண்டு, இல்லை, வராது என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க நம் மொழிக்கு வலு இருக்கிறது. அரசு அறிக்கை நடையில் ஊறிப்போய் "அறிவிக்கப்பட்டுள்ளது" என்று இழுப்பது நாமாகப் பழகிக்கொண்ட பழக்கம்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு விலையும் உண்டு. 2006-ல் தொடங்கிய ட்விட்டரில், ஆரம்ப காலத்தில் ஒரு பதிவுக்கு 140 எழுத்து என்று வரம்பு வைத்தார்கள். எஸ்எம்எஸ்-ஸின் 160 எழுத்துக்குள் பயனர் பெயரும் அடங்க வேண்டும் என்பதுதான் காரணம். 2017-ல் அதை 280 ஆக்கினார்கள். ஆனால் நாம் எழுத்து எண்ணும் விதம் வேறு, இயந்திரம் எண்ணும் விதம் வேறு. யூனிகோடில் மெய்யின் புள்ளி தனிக் குறி, கொக்கியும் காலும் தனிக் குறி. "தமிழ்நாடு" நமக்கு 5 எழுத்து, இயந்திரத்துக்கு 9. "அறிவிக்கப்பட்டுள்ளது" நமக்கு 12, அங்கே 20. தமிழில் எழுதுகிறவருக்கு அந்த 280 சீக்கிரம் தீர்ந்துவிடும். எஸ்எம்எஸ்-ஸில் நிலைமை இன்னும் நெருக்கடி. ஆங்கிலத்துக்கு 160 கிடைக்கும் இடத்தில் தமிழுக்கு 70 குறிதான்.

திரையில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் யாக்கோப் நீல்சன். 1997-ல் அவர் வெளியிட்ட சோதனை முடிவில், புதிய பக்கம் ஒன்றைத் திறந்தவர்களில் 79 சதவீதம் பேர் மேய்ந்துகொண்டு போனார்கள், 16 சதவீதம் பேர்தான் சொல் சொல்லாகப் படித்தார்கள். 2006-ல் அவரது குழு 232 பேரின் கண் அசைவைப் பதிவு செய்தது. மேலே ஒன்றிரண்டு வரிகளைக் குறுக்கே ஓடிய கண், பிறகு இடது ஓரமாகவே கீழே இறங்கியது. அந்தச் சோதனைகள் நடந்தது கணினித் திரையில். அப்போதே கதி இதுதான் என்றால், பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் தள்ளுகிறவரின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "அனைவருக்கும் வணக்கம், இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கினால் அந்த முதல் இரண்டு வரியும் போய்விடும். வணக்கத்தைக் கடைசியில் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

போஸ்டர் போட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்ததான முகாம், இலவசக் கண் பரிசோதனை, வேலை அறிவிப்பு என எல்லாவற்றையும் படமாக்கி விடுகிறோம். பார்வையற்றவர்கள் போனில் வரும் எழுத்தைத் திரைவாசிப்பான் மூலம் காதால் கேட்கிறார்கள். படத்துக்குள் மாட்டிக்கொண்ட எழுத்து பல நேரங்களில் அதற்கு எட்டுவதில்லை. தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. தேதி, இடம், நேரம் மூன்றையும் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் போட்டுவிடுங்கள். அலங்காரத்துக்காக வரிசையாகக் கும்பிடும் கை எமோஜிகளை வைக்கும்போதும் யோசியுங்கள். திரைவாசிப்பான் பல நேரங்களில் ஒவ்வொரு கையையும் பெயர் சொல்லி அறிவித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும்.

எழுத்து தனியாகப் பயணம் போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 2015 டிசம்பரில் பார்த்தது. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. மின்சாரம் இல்லை, பல இடங்களில் போனும் இல்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த பிள்ளைகள், சென்னை வெள்ளத்தில் சிக்கிய பெற்றோருக்காக ட்விட்டரிலும் பேஸ்புக்கிலும் உதவி கேட்டு எழுதினார்கள். அந்தப் பதிவுகள் உயிர்களைக் காப்பாற்றின. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. "இப்போது முதல் மாடியில் இருக்கிறார்கள், உடனே படகு தேவை" என்ற பதிவில் அந்த "இப்போது" எப்போது? மீட்கப்பட்டுவிட்ட பிறகும் அதே செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணையும் அழைத்து உறுதிசெய்து பட்டியலைத் திருத்த வேண்டியிருந்தது. இப்போது, இன்று, நாளை, இங்கே, என் நண்பர் ஆகிய சொற்கள் எதிரில் நிற்பவரிடம் பேசும்போதுதான் பொருள் தரும். ஊர் தாண்டிப் போகும் செய்தியில் அவை வெறும் கூடு.

இப்படிப் பரவும் செய்தி எவ்வளவு கொடூரமாக முடியலாம் என்பதற்கு 2018 மே மாதமே சாட்சி. குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று ஊரும் தேதியும் பெயரும் இல்லாத செய்திகள் பரவிக் கிடந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குடும்பத்தோடு காரில் வந்த 65 வயதுப் பெண்மணியை ஊரார் அடித்தே கொன்றார்கள். நாடெங்கும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், கைமாற்றி அனுப்பப்பட்ட செய்திகளுக்கு வாட்ஸ்அப் அடையாளம் வைத்தது. ஒரு நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஒரு செய்தியைக் கைமாற்றி அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடும் அறிவித்தது.

கடைசியாக ஒரு போன் அழைப்பு. எங்கள் குடும்பக் குழுவில் வந்த செய்தி இது: "அவசரம்!!! என் நண்பரின் அப்பாவுக்கு நாளை காலை ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. அரசு மருத்துவமனை. தயவுசெய்து பகிரவும்." கீழே ஒரு எண். எனக்கும் அதே வகை ரத்தம் என்பதால் அழைத்தேன். மறுமுனையில் இருந்த தம்பி பொறுமையாகப் பேசினார். "அப்பா நல்லா இருக்காருண்ணே. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு மட்டும் நீங்க நாலாவது ஆளு."

நம்பரை மாற்றிவிடலாமே என்றேன். பேங்க், கேஸ் எல்லாம் இந்த நம்பரில்தான் இருக்கிறது என்றார். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ள இப்போது வசதி உண்டு. ஆனால் மற்றவர்கள் கைமாற்றி அனுப்பிய பிரதிகளை யாராலும் திருத்த முடியாது. முதல் முறை எழுதும்போதே அந்தச் செய்தி இப்படி இருந்திருக்க வேண்டும்: "ஓ நெகட்டிவ் ரத்தம் 2 யூனிட் தேவை. இந்த ஊர், இந்த மருத்துவமனை ரத்த வங்கி. இந்தத் தேதி, இந்த ஆண்டு, காலை 8 மணிக்குள். அதற்குப் பிறகு பகிர வேண்டாம்." அந்த ஆண்டு என்ற ஒரு எண் இருந்திருந்தால் நான் அழைத்திருக்கவே மாட்டேன்.

"ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே, நான் எல்லாக் குரூப்லயும் போடுறேன்" என்றார் அந்தத் தம்பி. போனிலேயே இருவரும் சேர்ந்து எழுதினோம். அவர் முதலில் "உதவிய அனைத்து நல்ல உள்ளங்களுக்கும்" என்று தொடங்கினார். அதைக் கீழே இறக்கினோம். முதல் வரி இப்படி நின்றது: "ரத்தம் இனி தேவையில்லை. அப்பா குணமாகிவிட்டார்."