பாட்டையே பத்திரிகையாக்கிய மீனாட்சியம்மை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாட்டு என்றதும் எது நினைவுக்கு வரும்? தாலாட்டு, கும்மி, ஒப்பாரி. 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்கு நம்மவர்கள் கொண்டு வந்த சொத்து அது. அந்தப் பாட்டு மெட்டில் உரிமையையும் கேட்கலாம் என்று இலங்கையில் செய்து காட்டியவர் மீனாட்சியம்மை.

அங்கும் இங்கு போலவே லயம், கங்காணி, துரை ஆட்சிதான். வெளியாள் தோட்டத்திற்குள் எளிதில் நுழைய முடியாது. அவருடைய கணவர், தஞ்சையிலிருந்து சென்ற தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர், புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய்த் தொழிலாளர் நிலையை அறிந்தவர். அவர் 'தேசபக்தன்' பத்திரிகையும் நடத்தினார். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகை எப்படிப் போய்ச் சேரும்?

அதற்கு விடையாக அமைந்தவை அம்மையாரின் பாடல்கள். கூட்டங்களில் அவர் பாரதியார் பாடல்களைப் பாடினார். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் தாமே பாட்டு எழுதியும் பாடினார். மெட்டு தெரிந்திருந்தால் சொற்கள் சீக்கிரம் மனத்தில் பதியும். கூட்டத்தில் கேட்டவர் லயத்திற்குத் திரும்பிப் பாடினால், அங்கே செய்தியும் சேர்ந்துவிடும். 1931-இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தபோது, இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் அதில் கட்டுப்பாடுகள் இருந்தன. 1939-இல் அரசாங்கத்தின் இந்தியத் தினக்கூலிகள் பலர் வேலையிழந்தனர். இத்தகைய காலத்தில்தான் அவருடைய குரல் ஒலித்தது. 1940-இல் பாடல்கள் நூலாகவும் வந்தன.

அதே 1940-இல் அமெரிக்காவில் வூடி கத்ரி என்னும் கிராமியப் பாடகர், புழுதிப் புயலால் நிலமிழந்த உழவர்களின் துயரைப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். அவரும் பழைய மெட்டுகளுக்குப் புதுச் சொற்களை அமைத்தவரே என்பது குறிப்பிடத்தக்கது. இன்று அவரை உலகம் அறியும். மீனாட்சியம்மையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவருடைய பாடல்கள் அச்சேறியதால்தான் நமக்குக் கிடைத்துள்ளன. நம் தோட்டத்துப் பெண்கள் பாடியவற்றில் பல அச்சேறவில்லை. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து மக்கள் பட்டணங்களுக்குச் சிதறிவிட்டனர். பாட்டுகள் மட்டும் சில பாட்டிமார்களின் நினைவில் இருக்கின்றன. இந்த வாரமே பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து ஒரு பாட்டைக் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறவாமல் எழுதி வையுங்கள்.